டோஸ்ட் கடிக்கும் ஓசை: ஆங்கிலக் கிராமத்து விடுதிகளின் அமைதி குறித்து ஓர் ஆய்வு

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் வீட்டுக்காரரே தம் வீட்டின் இரண்டு மூன்று அறைகளை வழிப்போக்கருக்கு வாடகைக்கு விட்டு, மறுநாள் காலை உணவையும் தம் கையாலேயே சமைத்துப் போடும் ஏற்பாட்டுக்குப் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ என்று பெயர். சுருக்கமாகப் ‘பி அண்ட் பி’ என்பர். பெயரில் இருப்பவை கட்டிலும் காலை உணவும் ஆகிய இரண்டே எனினும், விளம்பரங்களில் மூன்றாவதாக ஒன்றும் சேர்த்து வாக்களிக்கப்படுகிறது, அது அமைதி. கட்டிலின் மென்மையையும் உணவின் அளவையும் பற்றிப் பேசாத விருந்தினர் இல்லை. அமைதியைப் பற்றியோ, ‘நன்றாக இருந்தது’ என்பதற்கு மேல் எவரும் ஒரு சொல்லும் சொல்வதில்லை. அது எதனால் விளைகிறது, எப்போது உச்சம் பெறுகிறது, எந்த ஒலியால் முதலில் குலைகிறது என்னும் வினாக்களை எடுத்துக்கொள்ளும் இக்கட்டுரை, அவ்வமைதியின் உச்சம் நள்ளிரவில் இல்லை, காலை எட்டரை மணிக்கு உணவறையில்தான் இருக்கிறது என்று நிறுவ முற்படுகிறது.

கிராமம் என்றால் அமைதி தானே இருக்கும், இதற்கு ஓர் ஆய்வு எதற்கு என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை எனின், ஜூன் மாதத்தில் தென் இங்கிலாந்தில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. அதற்கும் முன்பே பறவைகள் தொடங்கிவிடுகின்றன. புகைபோக்கியின் விளிம்பில் வந்தமரும் காட்டுப்புறா ஐந்து அசை கொண்ட ஒரே அடியைச் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்க, அது புகைபோக்கியின் வழியே இறங்கி, இப்போது உலர்மலர்க் கொத்து வைக்கப்பட்டிருக்கும் கணப்படுப்பின் வாய் வழியாக நேரே படுக்கைக்கு வந்து சேர்கிறது. அண்டங்காக்கையின் உறவினமான ரூக் கூட்டமும், குட்டியைத் தேடும் ஆடுகளும், கால் மணிக்கு ஒருமுறை அடிக்கும் தேவாலயக் கடிகாரமும் உடன் சேர்ந்தால், இயற்கையை அமைதியின் காரணமாகக் கொள்ளுதல் இயலாது. எனவே காரணத்தை வீட்டுக்குள்தான் தேட வேண்டும்.

‘கன்ட்ரி ஹவுஸ்’ எனும் பெயர் முறைப்படி பெருநிலக்கிழாரின் மாளிகையைக் குறிப்பதாயினும், இத்தொழிலில் அது பழைய பண்ணை வீட்டையும், ஊர்க்குருவானவர் வாழ்ந்த பழைய இல்லத்தையும் தாராளமாகத் தழுவிக்கொள்கிறது. பராமரிக்க முடியாத அளவுக்குப் பெரியவை என்று இங்கிலாந்துத் திருச்சபை 20ஆம் நூற்றாண்டில் விற்றுத் தீர்த்த குருமனைகள் பல. இவ்வீடுகளின் தளமோ மரப்பலகை. ஒரு கோடியில் ஊன்றிய கால் மறுகோடியில் கேட்கும். இரவின் ஒலிகளுள் முதலிடம் குளியலறைக் கயிற்றுக்கு உரியது. ஈரக்கைக்கு எட்டும் இடத்தில் சாதாரண மின்விசைகளை வைப்பது பிரிட்டனின் வழக்கம் அன்று என்பதால், விளக்கைப் போடுவதற்குக் கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் மேலேயுள்ள விசை ‘டடக்’ என்று விழும். மின்சார ஷவர் இருந்தால் அதற்கென இரண்டாவது கயிறும் தொங்கும். அதன் விசை இன்னும் கனமானது. இருட்டில் கையை நீட்டித் துழாவும் விருந்தினர், அகப்பட்ட கயிற்றை இழுத்து, விளக்குக்குப் பதிலாக ஷவரின் சிவப்புப் பொட்டு எரியக் கண்டு, மறுபடி இழுத்து அதை அணைத்து, சரியான கயிற்றைத் தேடிப் பிடித்து விளக்கைப் போட்டு, காரியம் முடிந்து அதையும் அணைத்துவிட்டுத் திரும்புவதற்குள் நான்கு ‘டடக்’குகள் ஆகியிருக்கும். அடுத்த அறையில் படுத்திருப்பவர் நான்கையும் எண்ணியிருப்பார். காலையில் உணவறையில் எதிர்மேசையில் அமரப்போகிறவரும் அவரே. ஒருவர் வயிற்றின் இரவு வரலாற்றை முழுதும் அறிந்த அந்நியரோடு காலையில் என்ன பேச முடியும்?

இனி, அந்த உணவறையில் எத்தனை பேர் என்பது. 1971ஆம் ஆண்டின் தீத்தடுப்புச் சட்டத்தின் கீழ், ஆறு பேருக்கு மேல் உறங்க இடமளிக்கும் விடுதிகள் தீப்பாதுகாப்புச் சான்றிதழ் பெற வேண்டியிருந்தது. 2006இல் அம்முறை ஒழிந்து வேறு முறை வந்துவிட்டது. ஆயினும் ஆறு ஒழியவில்லை. தாம் குடியிருக்கும் வீட்டில் ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் தங்கவைக்க எண்ணாதவர், அது முதன்மையாகக் குடும்பம் வாழும் வீடாகவே இருக்கும் வரை, வணிக வரிக்குள் சிக்காமல் வீட்டு வரியோடு தப்பிவிட இங்கிலாந்தில் இன்றும் வழியுண்டு. ஆறு பேர் என்பது மூன்று இணை; மூன்று இணை என்பது மூன்று சிறு மேசை. முப்பது பேர் உண்ணும் இடத்தில் எழும் இரைச்சலே ஒவ்வொருவர் பேச்சுக்கும் திரையாகிவிடும்; இருவர் மட்டும் உண்ணும் இடத்தில் திரையே தேவையில்லை. மூன்று மேசைகள் உள்ள அறையிலோ, எவர் வாய் திறந்தாலும் மற்ற நால்வரும் கேட்பர் என்பதும், கேட்கவில்லை என்று அவர்கள் நடிப்பர் என்பதும் உறுதி. தீயணைப்பையும் வரியையும் மட்டுமே நினைத்து எழுதப்பட்ட சட்டங்கள், மனிதர் தாமாகக் கிசுகிசுக்கத் தொடங்கும் எண்ணிக்கையை இவ்வளவு துல்லியமாகத் தொட்டது வியப்புக்குரியது.

இதனோடு 1956ஆம் ஆண்டின் ஹோட்டல் உரிமையாளர் சட்டத்தையும் சேர்த்து எண்ணுக. தகுந்த நிலையில் வந்து, பணமும் கொடுக்கக்கூடிய எந்த வழிப்போக்கரையும் முன்னேற்பாடின்றி ஏற்றுக்கொள்வதாக நடத்தப்படும் இடமே அச்சட்டத்தின்படி ஹோட்டல். பி அண்ட் பி பெரும்பாலும் அவ்வரையறைக்கு வெளியே நிற்பது. ஆகவே அங்கு தங்குபவர், காசு கொடுத்தும், பிறர் வீட்டுக்கு வந்திருக்கும் தூரத்து உறவினர் போலவே நாற்காலியை ஓசைப்படாமல் இழுக்கிறார்.

இவ்வாறு முறையாக உண்டாக்கப்பட்ட மௌனத்தைக் குலைக்கும் முதற்கருவி டோஸ்ட், அதாவது வாட்டிய ரொட்டி. சுடச்சுடத் தட்டில் அடுக்கினால் அதன் நீராவி அதிலேயே படிந்து அது நமுத்துப்போகும் என்பதால், ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே ‘டோஸ்ட் ரேக்’ எனும் கம்பித் தாங்கியை வெள்ளியில் செய்து, துண்டுகளை ஒன்றோடொன்று தொடாமல் நிறுத்தி வைத்துவந்தனர். அதனால் டோஸ்ட் விரைவில் ஆறிவிடுகிறது. ஆனால் விறைப்பு போவதில்லை. சூட்டை இழந்து ஓசையைக் காக்கும் இவ்வேற்பாட்டின் விளைவைத் தமிழ் எழுத்தியலின் துணைகொண்டு விளக்கலாம்: கிளறிய முட்டை மெல்லினம், வறுத்த பன்றி இறைச்சிச் சீவலாகிய பேக்கன் இடையினம், டோஸ்ட் ஐயத்துக்கு இடமில்லாத வல்லினம். கடிப்பவருக்கு அவ்வொலி காற்றின் வழியாக மட்டுமன்றித் தாடை எலும்பின் வழியாகவும் செவிக்குள் ஏறுவதால், ஊரே திரும்பிப் பார்ப்பது போன்ற மயக்கம் உண்டாகிறது. அவர் கடித்த துண்டை வாயில் வைத்தபடி ஊறவிடுகிறார். 2004இல் மாசிமிலியானோ சம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் ஆகியோர், பிரிங்கிள்ஸ் வறுவலைக் கடிப்பவரின் காதுக்கு அவர் கடிக்கும் ஒலியையே பெருக்கி அனுப்பினால், அதே வறுவல் கூடுதல் மொறுமொறுப்பாகத் தோன்றுகிறது என்று காட்டினர். சிரிக்கவும் பின்பு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குரிய இக் நோபல் பரிசை 2008இல் அதற்காகப் பெறவும் செய்தனர். எனினும் அவ்வாய்வு கடிப்பவரின் காதோடு நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரரின் காது இன்னும் ஆராயப்படாமலே இருக்கிறது.

டோஸ்ட்டினும் கொடியது சாஸ் குப்பி. ஹெச்பி சாஸ் எனும் பழுப்புநிறச் சாறு, பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியில் செய்யப்பட்டு, 2007 முதல் நெதர்லாந்தில் செய்யப்படுவது; அதன் புளிப்புக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று புளி என்பதைத் தமிழ் வாசகர் அறிந்து மகிழலாம். மகிழ்ச்சி அத்துடன் முடிகிறது. அது பிளாஸ்டிக் குப்பியில் வந்து, பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால், கவிழ்த்துப் பிதுக்கும்போது உள்ளிருக்கும் காற்றும் சாஸும் போட்டியிட்டு வெளியேறுங்கால் எழும் ஒலி எதை ஒத்தது என்பதை இவ்வகை நூல்களில் எழுதும் மரபில்லை. அறுவரும் அறிவர், ஒருவரும் சிரிப்பதில்லை. அனுபவமுள்ள வீட்டுக்காரம்மாக்கள் சாஸை முன்பே சிறு கிண்ணத்தில் ஊற்றி வைப்பதற்கு நாகரிகத்தைக் காரணமாகச் சொல்வர்; உண்மைக் காரணம் இதுவாகலாம்.

மௌனம் முறைப்படி உடைக்கப்படுவது அவ்வம்மையார் தேநீர்க் கெண்டியுடன் உள்ளே வரும்போதுதான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்கும் கணம், விருந்தினர் வாய் நிறைந்திருக்கும் கணமாகவே அமைவதை யாரும் மறுக்கார். அவர் இருக்கும் வரை வானிலையும், அன்று நடக்கப்போகும் பாதையின் சேறும் பற்றி மூன்று மேசைகளும் கலகலப்பாகப் பேசும். கதவு மூடியதும் மீண்டும் கத்தி தட்டில் படும் ஓசை மட்டும் எஞ்சும். கதவு சரியாகச் சாத்தப்படாமல் வீட்டு நாய் உள்ளே நுழைந்துவிட்டால் மட்டும் இவ்விதி செல்லாது. நாயோடு பேசுவது பிறரோடு பேசுவதாகக் கருதப்படாமையால், அறுவரும் தடையின்றி அதனோடு பேசி, அதன் வழியே ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொள்வர்.

உணவுப் பட்டியலில் ஓசையே இன்றி உண்ணத்தக்கது பாரிட்ஜ் எனப்படும் ஓட்ஸ் கஞ்சி ஒன்றே. கூச்சமுள்ள விருந்தினர் அதை நாடுவதற்கும் இதுவே காரணம் எனத் தோன்றுகிறது. ஆயினும் அதில் உப்பிடுவதா சர்க்கரையிடுவதா எனும் வழக்கு ஸ்காட்லாந்தின் எல்லைக்குள் இழுத்துச் செல்லுமாதலின், கஞ்சி இவ்வாய்வில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.