ஒரே சாலைக்கு ஒரு வழிகாட்டி

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போவதென்று முடிவானதும் வீட்டில் வேலைப் பிரிவினை நடந்தது. வண்டி ஓட்டுவது மனைவி, வழி சொல்வது நான். எனக்கும் ஓட்டுநர் உரிமம் உண்டு. அதை முகவரிச் சான்றாக மட்டும் பயன்படுத்தி வருகிறேன். ஆகவே பிரிவினை நியாயமாகத்தான் பட்டது. சிக்கல் என்னவென்றால், ரெக்காங் பியோவைத் தாண்டிவிட்டால் காசா வரைக்கும் இருப்பது ஒரே ஒரு சாலை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் எங்கோ கீழே சட்லெஜ். காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் வந்து கலக்கிறது. அதற்கு மேல் கீழே தெரிவது ஸ்பிட்டி. ஆறு மாறுகிறதே தவிர சாலை மாறுவதில்லை. நானும் கடமை தவறாமல் "நேராப் போம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

"வேற எங்கங்க போறது, ஆத்துக்குள்ளயா?" என்றாள்.

நல்லவேளையாக எதிரே ஒரு லாரி வந்தது. மலைச் சாலையில் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இது எனக்குத் தெரியும், லாரிக்காரருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் லாரி பெரியது. நான் இறங்கிப் பின்னால் போய் நின்று "வா... வா... வா..." என்று கை காட்டினேன். சிறு வயதில் கண்டக்டர் ஆக ஆசைப்பட்டவன். பின்கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டி "ரைட், போலாம்!" என்றபோது ஏற்பட்ட நிறைவை முப்பது வருட ஆபீஸ் வாழ்க்கை எனக்குத் தந்ததில்லை. லாரிக்காரர் கும்பிடு போட்டார். அது அவளுக்குப் போட்டது.

சண்டை இதற்கெல்லாம் முன்பு ராம்பூரிலேயே தொடங்கியிருந்தது. பொருள்: பிரஷர் குக்கர். சென்னையிலிருந்து மூன்று லிட்டர் குக்கரை என் வேட்டியில் சுற்றி எடுத்து வந்திருந்தேன். "ஊர் சுத்தப் போறமா, தனிக்குடித்தனம் போறமா?" என்று கேட்டாள். என் பக்கம் விஞ்ஞானம் இருந்தது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். காசாவின் உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து ஏமாந்து அரிசியைப் போட்டால் அது விறைத்துக்கொண்டு கிடக்கும். குக்கரை மூடி அழுத்தத்தைக் கூட்டினால்தான் சோறு.

இதை விரிவாக விளக்க எனக்கு வாய்ப்பில்லாமல் போனதற்கும் அதே காற்றழுத்தம்தான் காரணம். சிம்லா 2,200 மீட்டர், கல்பா 2,900க்கு மேல், நாக்கோ 3,600க்கு மேல். இப்படிப் படிப்படியாக ஏறினால் உடம்பு பழகிக்கொள்ளும். மணாலிப் பக்கமிருந்து ஒரே நாளில் 4,500 மீட்டர் தாண்டும் குன்ஜும் கணவாயில் ஏறி இறங்கினால் தலைவலி, வாந்தி எல்லாம் வரலாம். நாக்கோ ஏரிக்கரையில் இந்த உரையைத் தொடங்கினேன். பாதியில் மூச்சு வாங்கியது. மீதியை அவளே சொல்லி முடித்தாள். டாக்டரிடம் கேட்டு மலை நோய்க்கு மாத்திரை வாங்கி வைத்திருந்ததும் அவள்தான்.

குடும்பச் சண்டைக்கு ஆக்சிஜன் எவ்வளவு செலவாகிறது என்று யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. எங்கள் சண்டை கல்பாவில் முழு வாக்கியங்களில் நடந்தது, நாக்கோவில் அரை வாக்கியமாகச் சுருங்கியது. கியு கிராமத்தில் 1975 நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளிப்பட்ட ஒரு பிக்குவின் உடல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தையது என்கிறார்கள். பல் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்த நிலையில், ஒரு வார்த்தை பேசாமல், அத்தனை காலம்! மனைவி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு சிபாரிசு இருந்தது.

தாபோவில் 996-இல் எழுப்பிய மண் சுவர் மடாலயம் இன்னும் நிற்கிறது. எங்கள் குடியிருப்பின் சுற்றுச்சுவர் பற்றி இங்கே பேச வேண்டாம்.

காசா விடுதியின் அடுக்களையில் நான்கு குக்கர்கள் வரிசையாக விசில் அடித்துக்கொண்டிருந்தன. விஞ்ஞானம் எனக்கு முன்பே அங்கு வந்து சேர்ந்திருந்தது. மனைவி எதுவும் சொல்லவில்லை, சொல்ல மூச்சு இல்லை. நான்கையும் ஒவ்வொன்றாக விரலால் சுட்டிக் காட்டினாள். மறுநாள் 4,500 மீட்டருக்கு மேலிருக்கும் கோமிக் கிராமத்தில் புருவம் மட்டும்தான் உயர்ந்தது. முப்பது வருட இல்லறத்தில் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை. அங்கேயே ஒரு வீடு பார்க்கலாமா என்றுகூடத் தோன்றியது.

பக்கத்திலேயே ஹிக்கிம். சுமார் 4,400 மீட்டர் உயரத்தில், 1983 முதல் அங்கே ஓர் அஞ்சலகம் இயங்குகிறது. பனிக்காலத்தில் மூடிவிடுவார்கள், மற்ற நாளில் வருகிறவர்களெல்லாம் அஞ்சலட்டை எழுதுகிறார்கள். நான் எனக்கே ஒன்று எழுதினேன். "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் என்னிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மனைவி கும்பகோணத்திலிருக்கும் தன் அம்மாவுக்கு எழுதினாள். பொடி எழுத்தில், ஓரமெல்லாம் சுற்றி, முகவரிக்கு ஒதுக்கிய இடத்திலும் பாதியை ஆக்கிரமித்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன், உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். அஞ்சல்தலையை எச்சில் தொட்டு ஒட்டிப் பெட்டியில் போட்டது நான்தான். வழிகாட்டிக்குக் கிடைத்த இன்னொரு வேலை.

திரும்புவது குன்ஜும் வழியாக. வெயில் ஏறினால் பனி உருகிச் சாலையை அறுத்தோடும் நாலாக்களில் தண்ணீர் கூடிவிடும், விடியலிலேயே கிளம்ப வேண்டும். குளிக்காமல் வெளியே கிளம்பும் பழக்கம் எனக்கில்லை. காசாவின் குழாய்த் தண்ணீரில் விரல் வைத்ததும் அந்தப் பழக்கமும் வந்துவிட்டது. நாலாக்களில் ஆழம் பார்க்க இறங்கியது நான், வண்டியைக் கடத்தியது அவள். பிறகு ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கம், வெளியே வந்தால் மணாலிப் பக்கம், ஆக்சிஜன்.

சண்டையின் பாக்கி முழுவதும் இப்போது கொட்டும் என்று காத்திருந்தேன். அவள் சாவகாசமாக டீ குடித்தாள்.

"குக்கர் விஷயம்..." என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"அதெல்லாம் எழுதிப் போட்டாச்சுங்க."

அட்டை காசாவுக்கு இறங்கி, பஸ் ஏறி, ரயில் ஏறி, நாங்கள் ஊர் திரும்பி வெகுநாள் கழித்துக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தது. அன்று சாயங்காலமே மாமியார் போன் செய்தார். மாமியார் எதையும் நேரடியாகக் கேட்கிறவர் அல்லர். மழை, மூட்டுவலி, வெற்றிலை விலை எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்:

"ஏன் மாப்ளே, கேஸ்கெட்ட ஞாபகமா எடுத்துட்டு வந்தீங்களா?"