லாபம் தனியாருக்கு, நஷ்டம் அரசுக்கு!

கேள்வி: அமெரிக்காவின் ஃபேனி மே, ஃபிரெடி மேக் இரண்டும் அரசு நிறுவனங்களா, தனியார் நிறுவனங்களா?

பதில்: லாபம் வந்தால் தனியார், நஷ்டம் வந்தால் அரசு!

இவை நேரடியாக யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. வங்கி ஒருவருக்கு 30 வருட வீட்டுக் கடன் கொடுக்கிறது. அந்தக் கடனை இவை விலைக்கு வாங்கிக்கொள்ளும். வங்கியின் கையில் மறுபடி பணம். அடுத்தவருக்குக் கடன் கொடுக்கலாம். வாங்கிய கடன்களை மொத்தமாகச் சேர்த்துப் பத்திரங்களாக்கி முதலீட்டாளர்களுக்கு விற்கும். ‘கடன் வாங்கியவர் தவணை கட்டாவிட்டால் நாங்கள் பொறுப்பு’ என்று உத்தரவாதமும் உண்டு. அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

ஃபேனி மே 1938-ல் அரசு தொடங்கியது. 1968-ல் பங்குதாரர் கைக்குப் போனது. ஃபிரெடி மேக் 1970-ல் வந்தது. ‘இதற்கு அமெரிக்க அரசு பொறுப்பல்ல’ என்று பத்திர ஆவணத்திலேயே அச்சடித்திருப்பார்கள். ஒருவரும் அதை நம்பவில்லை. நம்பாதவர்கள்தான் பிழைத்தார்கள்! வீட்டு விலைகள் சரிந்து தவணைகள் நின்றதும், 2008 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, அரசு இரண்டையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. கஜானாவிலிருந்து போனது சுமார் 19,100 கோடி டாலர். பங்குதாரர்களுக்குப் பட்டை நாமம். பத்திரம் வாங்கியவர்களுக்குப் பைசா நஷ்டமில்லை.

பிறகு இரண்டு நிறுவனங்களும் அரசிடம் வாங்கியதைவிட அதிகமாகவே லாபப் பங்காகக் கட்டிவிட்டன. ஆனாலும் பதினைந்து வருடம் தாண்டியும் அரசு பிடியை விடவில்லை. பொன்முட்டையிடும் வாத்தை எந்த நிதியமைச்சர் கையைவிட்டு இறக்குவார்?