விறகுச் செலவு 25 ஷில்லிங்

1555 அக்டோபர் 16. ஆக்ஸ்போர்டில் முன்னாள் பிஷப்புகள் இருவரை உயிரோடு எரித்தார்கள். ஹ்யூ லாட்டிமர், நிக்கோலஸ் ரிட்லி. அரசாங்கக் காரியமாயிற்றே, கணக்கு பக்காவாக இருக்கிறது. விறகு 3 வண்டி, 12 ஷில்லிங். முட்புதர் விறகு ஒரு வண்டி, 3 ஷில்லிங் 4 பென்ஸ். கம்பம் ஒன்று. சங்கிலி இரண்டு. கூலியாள் நாலு பேர். ஆகமொத்தம் 25 ஷில்லிங் 2 பென்ஸ். மேரி மகாராணியின் இங்கிலாந்தில் கத்தோலிக்க மதத்தைக் காப்பாற்ற ஆன செலவு. சல்லிசுதான்.

1553 ஜூலையில் பட்டத்துக்கு வந்த மகாராணி, அடுத்த மாதமே அறிக்கை விட்டார். பொது ஒப்புதலோடு வேறு ஏற்பாடு வரும்வரை மத விஷயத்தில் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டாராம். ஏற்பாடு ஒன்றரை வருஷத்தில் வந்தது. விறகோடு வந்தது.

நடுவில் ஒரு தடங்கல். 1554 வசந்தத்தில், மதத் துரோகிகளை எரிக்கும் மசோதாவைப் பிரபுக்கள் சபை நிறைவேற்றவில்லை. இரக்கமா? சேச்சே. மேரியின் தகப்பன் எட்டாம் ஹென்றி போப்பை உதறி, மடங்களைக் கலைத்து விற்ற நிலம் அவர்கள் கையில் இருந்தது. போப்பாண்டவர் திரும்பி வந்தால் நிலம் போய்விடுமே! ஆண்டுக் கடைசியில் போப்பின் தூதர் கார்டினல் போல் வந்தார். நிலம் அவரவரிடமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அதே கூட்டத்தொடரில் எரிப்புச் சட்டங்களும் நிறைவேறின. ஏக்கர் பத்திரம். இனி எவன் எரிந்தால் என்ன?

தீர்ப்புச் சொன்னவர்களைப் பாருங்கள். ஹென்றியே திருச்சபைக்குத் தலைவர் என்று 1535இல் புத்தகம் எழுதியவர் ஸ்டீபன் கார்டினர். அதற்கு முன்னுரை எழுதியவர் எட்மண்ட் பானர். போப்பை மறுத்தவர்களை இப்போது பிஷப்புகளாக உட்கார்ந்து விசாரித்தவர்கள் யார்? அதே கார்டினர். அதே பானர்.

மகாராணி மட்டும் சளைத்தவரா? தகப்பனே திருச்சபைத் தலைவர், தாயின் கல்யாணம் செல்லாது என்று 1536இல் கையெழுத்துப் போட்டவர்தான். உயிர்ப்பயம். போகட்டும். அதே உயிர்ப்பயத்தில் ஆர்ச்பிஷப் கிரான்மரும் தன் புராட்டஸ்டன்ட் கொள்கையைக் கைவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரு முறையல்ல, பல முறை. அவரை மட்டும் விடவில்லை. 1556 மார்ச் 21 அன்று எரித்தார்கள். கையெழுத்துப் போட்ட வலக்கையை அவரே முதலில் நெருப்பில் நீட்டினார். மற்ற கைகள் அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தன.

நாலே வருஷத்தில் சுமார் 280 பேர். அதில் 50க்கு மேல் பெண்கள். பெரும்பாலோர் நெசவாளர், கைத்தொழிலாளர், அன்றாடங்காய்ச்சிகள். டெர்பி ஊரில் ஜோன் வேஸ்ட் என்று ஒரு பெண். பிறவிக் குருடு. கயிறு திரித்துப் பிழைத்தவள். காசு கொடுத்து அடுத்தவரைப் பைபிள் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவளால் ராஜ்யத்துக்கு ஆபத்தாம். எரித்தார்கள்.

எதிர்த்தரப்பு மட்டும் யோக்கியமா? மேரிக்கு முன் ஆண்ட அவர் தம்பி எட்வர்டின் புராட்டஸ்டன்ட் ஆட்சியில், 1550இல், ஜோன் போச்சர் என்ற பெண்ணை மதத் துரோகி என்று எரித்தபோது ஆர்ச்பிஷப்பாக இருந்தவர் இதே கிரான்மர். பிறகு வந்த எலிசபெத், கத்தோலிக்கப் பாதிரிகளுக்கு ராஜத் துரோகிப் பட்டம் கட்டித் தூக்கிலேற்றினார். நெருப்பு போய்க் கயிறு வந்தது. அதற்குப் பெயர் சீர்திருத்தம்.

1558 நவம்பர் 17இல் மேரி செத்தார். அன்றைக்கே கார்டினல் போலும் செத்தார். பைபிள் கேட்டவள் எரிந்தாள், பிரசங்கம் செய்தவர் எரிந்தார். மடத்து நிலத்தை வளைத்துப் போட்ட குற்றத்துக்காக ஒரே ஒரு பிரபுகூட எரியவில்லை.