பிள்ளையார் சுழியும் தெருக்குழாயும்

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப், தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்த காலந்தொட்டே, தினந்தோறும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேஜை முன் அமர்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதி, 47 நாவல்களை இயற்றி முடித்தார் என்ற விருத்தாந்தத்தைப் படித்த அன்று எனக்குப் பிறந்த உற்சாகத்தைக் கண்ட என் மனைவி, அதை அஜீரணம் என்று நிதானித்துச் சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

கஷாயத்துக்கும் அது அடங்கவில்லை. சீமைக்காரரை விடுவோம், நம் புதுச்சேரியில், பிற்பாடு பிரெஞ்சு கவர்னர் டூப்ளே துரையிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரையில், கப்பல் வந்த செய்தியிலிருந்து ஊர் வம்பு வரையில் நாட்குறிப்பில் எழுதி வைக்கவில்லையா? அவருக்குக் கப்பல் வந்தது, எழுதினார். எங்கள் தெருவுக்கோ குழாய்த் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வருவதில்லை என்ற வித்தியாசம் அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

கெட்டி அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். முதல் நாள் பிள்ளையார் சுழி போட்டேன்; தேதி எழுதினேன்; பேனா முள்ளைத் துடைத்தேன்; காப்பி வந்துவிட்டது. மறுநாளும் அவ்வண்ணமே. ஒரு மண்டல காலம் இடைவிடாமல் சாதகம் செய்ததன் பலனாக, என் பிள்ளையார் சுழிக்கு ஒரு நெளிவும் கம்பீரமும் சித்தித்து, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மளிகை ஜாபிதா எழுதியபோது, தலைப்பில் சுழி மட்டும் போட்டுத் தரும்படி என்னை வந்து அழைத்தார்கள். ஜாபிதாவை வேறொருவர் எழுதினார்.

இந்தச் சமயத்தில்தான் தெருக்குழாய் உடைந்தது. விண்ணப்பம் எழுதும் பொறுப்பு, எழுத்தாளன் என்ற அபக்கியாதி காரணமாக, என் தலையில் விழுந்தது. ஆகாச கங்கையைப் பகீரதன் பூமிக்குக் கொண்டுவந்த சிரமத்தில் தொடங்கி, நான்கு பக்கம் எழுதி, முனிசிபல் ஆபீசுக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். குமாஸ்தா இரண்டு பக்கம் பொறுமையாகப் படித்துவிட்டு, "கங்கையில் என்ன சார் தகராறு? அது நம்ம எல்லைக்குள் வராதே!" என்றார்.

இரண்டாவது மனுவில் பகீரதனை நீக்கினேன். மூன்றாவதில் கங்கை வற்றியது. நாலாவதில் 'அந்தோ' எல்லாம் போயிற்று. அவற்றைப் பிரிவதற்குத்தான் எனக்கு மனமே வரவில்லை. இப்படித் தினம் ஒரு மனுவாக எழுதி, பதினோராவது நாள், ஒரு கார்டில் அடங்கிவிட்டது: "மேலத் தெரு அரசமரத்தடிக் குழாய் உடைந்து இருபது நாளாகிறது. நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. தயவுசெய்து சரிசெய்யவும்."

இடுப்பில் வெறுங்குடத்துடன் நின்றபடி அதைப் படித்த என் மனைவி, "கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில், நீங்கள் எழுதி எனக்குப் புரிந்தது இது ஒன்றுதான்" என்றாள். இவ்வளவு நேரான மதிப்புரை எனக்கு எந்தப் பத்திரிகையிலும் கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் குழாய் சரியாயிற்று.

மறுநாள் விடியற்காலை நோட்டைத் திறந்தேன். சுழி போட்டேன், தேதி எழுதினேன். வெளியே குடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பும் சப்தம் கேட்டது, சண்டைகூட இல்லை. எங்கேயாவது ஒரு சொட்டாவது ஒழுகாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, காப்பி வருகிற வரையில் உட்கார்ந்திருந்தேன்.