நேற்றைய கோழி, இன்றைய படகு: தீவகத்து மீதக் கோழி ஆய்வுக்கு ஒரு முன்னுரை

முழுக் கோழி ஒன்றை வாட்டி மேசையில் வைத்தால் முதலில் காணாமற் போவது இரண்டு கால்கள். அடுத்தது நெஞ்சு. பிறகு எல்லோரும் கை கழுவப் போய்விடுவார்கள். தட்டத்தில் எஞ்சுவது முதுகு, கழுத்து, ஒரு செட்டை, எலும்பை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும் தசைத் துணுக்குகள், அடியில் உறைந்த எண்ணெய். இந்த எச்சத்தின் தலைவிதியைத் தமிழாராய்ச்சி ஏனோ தீண்டவேயில்லை.

உலகத் தமிழாராய்ச்சிக்கு மன்றம் கண்ட தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த கரம்பொன், யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் ஊர்காவற்றுறையை அடுத்த ஊர். அந்தத் தீவகத்திலேயே மீந்த கோழி ஆய்வாளர் இன்றிக் கிடப்பது நியாயமில்லை என்ற நல்லெண்ணமே இக்கட்டுரையின் தோற்றுவாய்.

முதலில் வரையறை. ஓர் இரவாவது கழிந்திருக்க வேண்டும். யாருக்கென்றும் பெயர் எழுதப்படாததாக இருக்க வேண்டும். மூத்த மகனுக்கென்று மூடி வைத்த கால்துண்டு இதில் சேராது. அது மீதம் அன்று, ஒதுக்கீடு. குழையல் சோற்றையும் விலக்கியாக வேண்டும், மனம் வராமல்தான். மிஞ்சிய சோற்றையும் மிஞ்சிய கறிகளையும் ஒரே சட்டியில் போட்டுக் குழைத்து, சுற்றி இருப்பவர்களின் கையில் திரளை திரளையாக வைக்கும் அந்த யாழ்ப்பாண வழக்கம், மீதங்கள் பற்றித் தமிழர் கண்ட மிகச் சிறந்த தீர்வு. ஆனால் அது உள்ளங்கையிலிருந்து வாய் வரைக்கும்தான் பயணிக்கும். இக்கட்டுரை ஆராயும் கோழி கடல் கடக்க வேண்டியது.

தீவகத்தில் மீந்த கோழியை எப்படிச் சமைப்பது என்பது இரண்டாம் கேள்வி. எத்தனை மணிக்குக் கட்டுகிறோம், எத்தனை மணிக்கு அவிழ்க்கிறோம் என்பதே முதற் கேள்வி. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, இரு புறமும் கடல் கிடக்கும் வாணர் பாலம், புங்குடுதீவு என்று பேருந்து ஓடிக் குறிகட்டுவான் துறையில் நிற்க ஒரு மணி நேரமாவது பிடிக்கும். அங்கிருந்து நயினாதீவு கால் மணி, இருபது நிமிடம். நெடுந்தீவு ஒரு மணி நேரம். சோளகக் காற்று கிளம்பிவிட்டால் அதற்கும் மேல். நெடுந்தீவுக்கு வேலைக்குப் போய்வரும் ஆசிரியர்களும் தாதியரும் அலுவலகத்தாரும் விடியப்புறம் வீட்டை விட்டுப் புறப்பட்டால், மத்தியானப் பார்சலின் முடிச்சை அவிழ்க்க ஆறேழு மணி நேரம் ஆகிவிடும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று படகின் பெயர் மாறலாம். பைக்குள் நடக்கும் இரசாயனம் மாறாது. இயந்திரப் பெட்டிக்குப் பக்கத்தில் பையை வைத்தவரின் கோழி, இறங்குவதற்குள் இன்னொரு தடவை சூடேறியிருக்கும்.

இங்கே அடுக்களை வாசலில் நடக்கும் ஓர் உரையாடலைச் சான்றாகக் கொள்வோம்.

“தம்பி, நேத்தைக் கோழி கிடக்கு. பாணுக்கை வைச்சுத் தரட்டே?”

“வேண்டாமம்மா, போட்டிலை எல்லாருக்கும் மணக்கும்.”

“மணந்தா என்ன? களவெடுத்த கோழியே?”

தாயின் வாதத்தில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. ஆனால் மகனின் கூச்சத்துக்கும் அறிவியல் ஆதாரம் இருக்கிறது. சமைத்த இறைச்சியைக் குளிரவைத்து மறுபடி சூடாக்கும்போது எழும் அந்தப் பழைய, காறிய வாசத்தை டிம்ஸ், வாட்ஸ் என்ற இருவர் 1958இலேயே ஆராய்ந்து பெயர் சூட்டிவிட்டார்கள். வேகும்போது இறைச்சியிலிருந்து விடுபடும் இரும்பு, கொழுப்பு ஒட்சிசனோடு சேர்வதைத் துரிதப்படுத்துகிறது; விளைவு அந்த வாசம். மாட்டிறைச்சியை விடக் கோழியின் கொழுப்பில் நிறைவுறாத வகை கூடுதல். ஆகவே கோழிக்கு இந்த நோய் சுலபமாகப் பிடிக்கும். ஒன்றும் போடாமல் வாட்டிய வெள்ளைக்காரக் கோழி மறுநாள் முகத்தைச் சுளிக்க வைப்பதும், யாழ்ப்பாணத்துத் தூள் பூசிய கோழி மறுநாள் இன்னும் சேர்ந்து ருசிப்பதும் இதனால்தான் என்று இக்கட்டுரை துணிந்து கூறுகிறது. மஞ்சள், மிளகு, கராம்பு, கறிவேப்பிலை எல்லாமே ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் சேர்மங்களைக் கொண்டவை. அம்மாமார் கறித்தூளைக் கருகாமல் வறுத்து இடித்தபோது வேதியியலை நினைத்திருக்க மாட்டார்கள். நினைக்காமலே செய்ததற்கு ஒரு கலாநிதிப் பட்டம் கொடுக்கலாம்.

வாசம் ஒரு புறம் இருக்கட்டும், வயிறு வேறு விசயம். அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் அறிவுரைப்படி சமைத்த கோழி வெளியே இரண்டு மணி நேரம் வரை இருக்கலாம்; வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஒரே மணி நேரம். குளிரூட்டியில் மூன்று, நான்கு நாள். மறுபடி சூடாக்கினால் உள்ளே 74 பாகை வர வேண்டும். இந்த விதியை எழுதியவர்கள் குறிகட்டுவானில் படகுக்கு நின்றவர்கள் அல்லர். ஆனாலும் கிருமிகள் அவர்கள் பக்கம்தான். சூடாக்கினால் கிருமி சாகும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி: சில வகைக் கிருமிகள் கக்கி வைத்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. அதற்கு மீந்த சோறும் விலக்கல்ல.

அடுத்தது, ‘வியாழக்கிழமைச் சிக்கல்’. சைவ வீடுகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை மச்சம் கிடையாது. செவ்வாயையும் சேர்த்துக்கொள்பவர்கள் உண்டு. எனவே வியாழன் மத்தியானம் ஆக்கிய கோழி வியாழன் இரவுக்குள் முடிந்தாக வேண்டும், அல்லது சனிக்கிழமை வரை குளிரூட்டியின் பின்மூலையில், மரக்கறிகளின் கண்ணில் படாமல் தவம் இருக்க வேண்டும். மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு என்று வைத்திருக்கும் வீட்டில் அது எந்தச் சட்டியில் இருக்கலாம் என்பதும் விவாதத்துக்குரியது. நல்லூர்த் திருவிழா 25 நாள்; பல வீடுகளில் அத்தனை நாளும் மச்சம் ஒதுங்கிவிடும். ஆகக் கொடியேற்றத்துக்கு முதல்நாள் மீந்த கோழிக்கு அடுத்த மாதம்தான் விடுதலை, எந்த விஞ்ஞானமும் அதை அனுமதிக்காது. ஊர்காவற்றுறைக் கத்தோலிக்க வீடுகளில் கணக்கு வேறு: அங்கே நத்தாருக்கு மிஞ்சியது தாராளம், தவக்காலத்து வெள்ளிக்குக் கட்டுப்பாடு.

நயினாதீவுக்குப் போகும் படகிலோ கோழிப் பார்சலுக்கு இடமே இல்லை. ஒரு புறம் நாகபூசணி அம்மன், மறு புறம் நாகதீப விகாரை. இரண்டுக்கும் போகிறவர்கள் நடுவே கறி மணக்கும் பையை மடியில் வைத்துக்கொண்டிருக்க மிகுந்த மனத்திடம் வேண்டும். அதற்குத் தேவையும் இல்லை, கோயிலில் அன்னதானம் உண்டு. அன்னதானத்தின் பெயர் அமுதசுரபி. மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் இந்த நயினாதீவே என்று கொள்வோர் பலர். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபிப் பாத்திரம் கையில் இருந்தும் அக்காப்பியத்து ஆபுத்திரனுக்கு நேர்ந்ததைக் கவனிக்க வேண்டும். சாவகத்துக்குப் போகும் வழியில் கப்பல் மணிபல்லவத்தில் நின்றது. அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் இரவோடிரவாகப் போய்விட்டது. ஊட்டுவதற்கு ஆளில்லாத தீவில் தான் மட்டும் உண்டு வாழ மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு அவன் உண்ணாமல் உயிர் துறந்தான். தீவில் உணவுப் பிரச்சினை என்பது உணவு இல்லாத பிரச்சினை அன்று, படகு இல்லாத பிரச்சினை என்று காப்பியம் பாடிய சாத்தனார் அன்றே கண்டிருக்கிறார். கையில் எடுத்துச் செல்லும் மதிய உணவு பற்றிய தமிழின் முதல் நூல் மணிமேகலைதான் என்று நிறுவ இதற்கு மேல் சான்று தேவையா என்பதைப் பேராசிரியர்கள் தீர்மானிக்கட்டும்.

ஆறிய கோழியை அரச மரியாதைக்கு உயர்த்தியவர்கள் ஆங்கிலேயர். 1953 யூன் 2ஆம் திகதி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விருந்துக்கு ரோஸ்மேரி ஹியூம், கொன்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை ஆகிய இருவரும் முன்கூட்டியே சமைத்து ஆறவைத்த கோழியைக் கறித்தூள் கலந்த மயோனைஸ் குழம்பில் பிரட்டிக் கொடுத்தார்கள். இன்று அது பிரித்தானியக் கடைகளில் சாண்ட்விச்சுக்குள் வைக்கும் சாதாரணச் சரக்கு. எலிசபெத் அம்மையார் அப்போது இலங்கைக்கும் அரசி. 1972 வரை அப்படித்தான். ஆகவே முடிசூட்டுக் கோழியில் நெடுந்தீவுக்கும் சட்டப்படி ஒரு பங்கு இருந்தது, அனுப்பி வைக்கத்தான் மறந்துவிட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் இலங்கையில் கூப்பன் அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதற்காகப் பெரும் ஹர்த்தால் நடந்தது என்பதையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். இங்கே கோழியும் மீதமில்லை, சோறும் மீதமில்லை. எது எப்படியோ, மயோனைஸ் நெடுந்தீவு வெயிலுக்கு ஆகாது. அதன் இடத்துக்குத் தேசிக்காய் போதும்.

இனிக் கட்டும் கலை. பொலித்தீன் லஞ்ச் சீற்றையும் றெஜிபோம் பெட்டியையும் அரசு 2017 செப்டெம்பர் 1 முதல் தடை செய்தது. பொலித்தீன் வரும் முன்பே வாட்டிய வாழையிலை இருந்தது, பனையோலையில் முடைந்த பெட்டியும் இருந்தது. டச்சு வழிவந்த பறங்கியரின் லம்ப்ரைஸ் இதற்கு நல்ல உதாரணம்: சோறு, இறைச்சிக் கறி, சம்பல் எல்லாம் வாழையிலைக்குள் வைத்துப் பொதியோடு சேர்த்துப் போறணையில் சுடுவார்கள். டச்சுக்காரர் சாப்பாட்டு நினைப்பிலேயே இருந்தவர்கள் என்பதற்கு ஊர்காவற்றுறைக் கடற்கோட்டை சாட்சி. இலங்கையின் வரைபடம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடையாகத் தெரிந்ததால், அந்தத் தொடையின் குதிகால் என்ற பொருளில் கோட்டைக்கு ஹாமன்ஹீல் என்று பெயரிட்டார்கள். நெடுந்தீவில் அவர்கள் கட்டிய புறாக்கூடு இன்னும் நிற்கிறது. செய்தி கொண்டுபோகப் புறா வளர்த்த இடம் என்கிறார்கள். அன்று பறவை பொதியைச் சுமந்தது. இன்று பொதிக்குள் பறவை போகிறது.

குளிரூட்டி இல்லாமல் மீதம் இல்லை, மின்சாரம் இல்லாமல் குளிரூட்டி இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் நாட்டின் மின் வலையமைப்போடு இணையாமல் டீசல் இயந்திரங்களை நம்பி இருந்தவை. 2021 சனவரியில் இங்கே சூரிய, காற்று மின் நிலையங்கள் அமைக்கும் வேலை ஒரு சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது. இராமேசுவரத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று இந்தியா முகம் சுளித்தது. ஆண்டு முடிவில் சீனத் தரப்பு வேலையை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு. 2024 மார்ச்சில் 1.1 கோடி டொலர் இந்திய மானியத்தில் ஒப்பந்தம். மொத்தம் 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று மின்சாரம் என்ற திட்டம். இரண்டு வல்லரசுகள் மல்லுக்கட்டிய இந்த விசயத்தின் கடைநிலைப் பயனாளி, சட்டியில் கிடக்கும் அந்த ஒற்றைச் செட்டைதான் என்பதை எந்தத் தூதரகமும் அறிக்கையில் குறிப்பிடவில்லை.

எஞ்சியது, எதற்குள் வைப்பது என்ற கேள்வி. டர்பன் நகரத்து இந்திய வம்சாவளியினர் பாணின் நடுவைக் குடைந்து கறியை ஊற்றிக் கொடுத்தார்கள். பன்னி சௌ என்று அது உலகப் புகழ் பெற்றுவிட்டது. அலையடிக்கும் படகில் மடியில் ஊற்றிக்கொள்ள அதைவிட நல்ல உபாயம் கிடையாது. றோல்ஸ் பாதுகாப்பானது: உள்ளே உருளைக்கிழங்கோடு கோழி, வெளியே றஸ்க் தூள், மேலே பொரிப்பு. ஆனால் விடிய நாலு மணிக்கு எழும்பி றோல்ஸ் சுற்றச் சொன்னால் வீட்டில் உறவு முறியும். அரை றாத்தல் பாண் பரவாயில்லை. குழம்பு கண்டால் நனைந்து போகும்.

தீர்ப்பு றொட்டிக்கே. முதல்நாள் இரவே இறைச்சியை எலும்பிலிருந்து உதிர்த்து, தட்டில் பரப்பி ஆறவைத்துக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். எலும்பு சூப்புக்குப் போகட்டும். விடிய, தாச்சியில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த செத்தல் மிளகாய் தாளித்து, உதிர்த்த கோழியைப் போட்டு ஆவி பறக்கப் பிரட்டி ஈரம் போகச் சுண்டவிட்டு, இறக்கித் தேசிக்காய்ப்புளி விட வேண்டும். தேங்காய்ப்பால் விடக் கூடாது. முதலில் பழுதாவது அதுதான். கோதம்பமாவில் தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டிய மெல்லிய றொட்டியில் இதைச் சுருட்டி, நன்றாக ஆறவிட்டு, வாட்டிய வாழையிலையில் கட்டி, பக்கத்தில் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வைத்தால் மத்தியானம் வரை தாங்கும். போத்தல் உருகினால் குடிக்கலாம்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் கவனிக்க: எலும்பையும் தாளையும் குதிரைகள் மேயும் வெளியில் எறியாமல் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். துறையில் இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். பார்சலை அதற்கு அரை மணி நேரம் முன்னதாக அவிழ்த்தால் சரி.