யானைக்கு நான்கு கவளம்

வருமான வரிச் சட்டம் குடிமக்களிடம் எதிர்பார்க்கும் தகுதிகளுள் கடினமானது நேர்மையே என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், சட்டத்தை வரிவரியாகப் படிக்கிறவர்களுக்கு அதைவிடக் கடினமான ஒன்று தென்படும். அது வருவதுரைக்கும் ஆற்றல். நிதியாண்டு என்பது ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிவது. அந்த ஆண்டு முடிந்து, வந்ததை எண்ணிப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதே உலக வழக்கம் என்று எண்ணுகிறவர் சட்டத்தின் பார்வையில் தவணை தவறியவர். பிறர் ஏற்கெனவே பிடித்தம் செய்த தொகையைக் கழித்த பிறகும் ஓர் ஆண்டுக்கான வரி ரூ.10,000 அல்லது அதற்கு மேல் வரும் எவரும், ஆண்டு நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூன் 15க்குள் அந்த வரியில் 15 சதவீதத்தையும், செப்டம்பர் 15க்குள் மொத்தம் 45 சதவீதத்தையும், டிசம்பர் 15க்குள் 75 சதவீதத்தையும், மார்ச் 15க்குள் முழுவதையும் கட்டி முடித்திருக்க வேண்டும். நூல்களில் முன்கூட்டிய வரி என்றும், ஆடிட்டர் அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் அட்வான்ஸ் டாக்ஸ் என்றும் வழங்குவது இதுவே.

ஜூன் 15 அன்று ஆண்டில் கழிந்திருப்பவை 76 நாள்கள். எஞ்சியிருப்பவை 289 நாள்கள். அந்த 289 நாள்களில் எந்த வாடகைதாரர் காலி செய்வார், எந்த வாடிக்கையாளர் பாக்கியைக் கொடுக்காமல் இழுத்தடிப்பார், எந்தப் பங்கு ஏறும், எது கவிழும் என்பதையெல்லாம் கணித்து ஒரு தொகையைத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, அதற்குரிய வரியில் 15 சதவீதத்தைக் கட்டுவதே குடிமகனின் கடமை. ஜாதகம் பார்ப்பவர் தம் கணிப்புப் பொய்த்தால் தட்சிணையைத் திருப்பித் தருவதில்லை. வரி கட்டுகிறவரோ தம் கணிப்புப் பொய்த்தால் மாதம் 1 சதவீதம் வட்டி தருகிறார். இரண்டு துறைகளுக்கும் இடையே உள்ள முக்கிய வேறுபாடு இதுதான் என்று தோன்றுகிறது.

மாதச் சம்பளக்காரர் இந்தத் துன்பத்தை அறியாதவர். அவருடைய அலுவலகக் கணக்குப் பிரிவு மாதந்தோறும் வரியைப் பிடித்து அரசுக்கு அனுப்பிவிடுகிறது. இவ்வாறு பணம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படுவதை டி.டி.எஸ். என்பர். கிடைக்காத பணத்தைக் கொடுப்பதில் வலி குறைவு என்ற ஆழ்ந்த மனவியல் உண்மையின் மேல் இந்த ஏற்பாடு நிற்கிறது. வலி முழுவதும் வாடகை வாங்குபவர், தனிப்பயிற்சி நடத்துபவர், கடைக்காரர், ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வு பெற்று வைப்புத்தொகை வட்டியில் வாழ்பவர், சொந்தமாக வேலை எடுத்துச் செய்பவர் ஆகியோருக்கே மிஞ்சுகிறது. இவர்களுள் பெரும்பாலோரிடம் ஓர் உறுதியான நம்பிக்கை உண்டு: “அதான் பேங்க்லயே பிடிச்சுட்டாங்களே.” வங்கி வட்டியில் பிடிப்பது 10 சதவீதம், வட்டிக்குரியவர் 20 அல்லது 30 சதவீத வரிப் படியில் இருந்தால் எஞ்சியதை அவரே கட்ட வேண்டும் என்பது அந்த நம்பிக்கைக்குள் நுழைய இயலாத செய்தி. இதில் ஒரு சலுகை குறிப்பிடத்தக்கது. வியாபாரமோ தொழிலோ செய்யாத, 60 வயது நிறைந்த, நாட்டிலேயே வசிக்கும் மூத்த குடிமக்கள் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியதில்லை. பஞ்சாங்கத்தின் மேல் ஈடுபாடு மிகும் வயதில் மனிதரை ஆரூடம் சொல்லும் பொறுப்பிலிருந்து சட்டம் விடுவித்துவிடுகிறது.

பஞ்சாங்கத்தைக் குறித்த இந்தப் பேச்சு முற்றிலும் விளையாட்டன்று. ஜூன் 15 ஆனி பிறக்கும் நாளை ஒட்டியும், செப்டம்பர் 15 ஆவணி முடியும் தறுவாயிலும், டிசம்பர் 15 மார்கழிக்கு முந்தைய நாளிலும், மார்ச் 15 காரடையான் நோன்பு கழிந்த கையோடும் வருகின்றன; அதாவது நான்கு தவணைகளும் தமிழ் மாதம் மாறும் சந்திகளில் வந்து நிற்கின்றன. இவ்வளவு பொருத்தம் இருந்தும், ராகு காலம், எமகண்டம், சூலம், கரிநாள் அனைத்தையும் தவறாமல் அச்சிடும் தினசரி காலண்டர்கள் இந்த நான்கு நாள்களுக்கும் ஒரு மூலையைக்கூட ஒதுக்காதது பதிப்பாளர்களின் பெருங்குறையாகும். ஜூன் தவணை பள்ளிக் கட்டணத்தோடும், செப்டம்பர் தவணை பண்டிகைச் செலவுகள் தலைகாட்டும் பருவத்தோடும் மோதுவதால், அவை மறக்கப்படுகின்றன என்பதைவிட நினைவிலிருந்து மரியாதையாக விலக்கி வைக்கப்படுகின்றன என்பதே சரி.

இந்தச் சுமையின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு பெருமைக்குரிய இடம் உண்டு. 1857 கிளர்ச்சிக்குப் பின் காலியான கருவூலத்தை நிரப்ப லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட ஜேம்ஸ் வில்சன், தொப்பி வியாபாரத்தில் வாழ்வைத் தொடங்கி ‘தி எகனாமிஸ்ட்’ இதழை நிறுவியவர். 1860இல் இந்தியாவில் வருமான வரியைக் கொண்டுவந்தவரும் அவரே. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெலியன் இந்த வரி இந்நாட்டுக்கு ஒவ்வாது என்று வாதிட்டதோடு நில்லாமல், தம் எதிர்ப்பைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்தார். விளைவாக ஆளுநர் பதவியிலிருந்து அவர் திருப்பி அழைக்கப்பட்டார். வரி கட்டாமல் தண்டனை பெற்றவர்கள் பலர் உண்டு, வரி வேண்டாம் என்று சொன்னதற்காகப் பதவி இழந்த ஆளுநர் அரிது. வில்சனோ அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். சில ஆண்டுகளில் டிரெவெலியனே நிதிப் பொறுப்பாளராக இந்தியா திரும்பினார். 1865இல் அந்த வரி காலாவதியானது. பிறகு அது வெவ்வேறு பெயர்களில் வந்து, போய், மீண்டும் வந்து நிலைத்துவிட்டது. ஆண்டு முடியும்வரை காத்திராமல் முன்னதாகவே வாங்கிக்கொள்ளும் முறை இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில், 1944இல் சேர்க்கப்பட்டது. போர் அடுத்த ஆண்டே முடிந்தது, முறை முடியவில்லை. “எல்லாம் டெல்லிக்காரன் போட்ட வரி” என்று அலுத்துக்கொள்வதிலும் தமிழருக்குச் சற்றுச் சங்கடம் உண்டு. சண்முகம் செட்டியார், டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம், நிர்மலா சீதாராமன் என்று அந்த டெல்லிக்காரர்களின் பட்டியல் நீள்கிறது.

இவர்களுள் இறுதியாகச் சொல்லப்பட்டவர் 2019 ஜூலை வரவுசெலவுத் திட்ட உரையில், பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புறநானூற்றுப் பாட்டை எடுத்துக்காட்டினார். நெல்லை அறுத்துச் சோறாக்கி உருண்டை உருண்டையாக ஊட்டினால் சிறு நிலத்தின் விளைச்சலே யானைக்குப் பல நாள் போதும், யானையே வயலில் இறங்கினால் அது தின்பதைவிட மிதிப்பதே மிகுதி என்பது அதன் கருத்து. முன்கூட்டிய வரியை இந்தப் பாட்டின் நடைமுறை வடிவம் என்றே கொள்ளலாம்: 15, 30, 30, 25 என்று நான்கு கவளங்கள். புலவர் கவனிக்காமல் விட்ட ஒன்றைத்தான் சட்டம் நிரப்பியிருக்கிறது. கவளம் கொண்டுவரும் உழவன் தாமதித்தால் யானை எவ்வளவு வட்டி கேட்கும் என்பதைப் புறநானூறு சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 234பி, 234சி பிரிவுகள் சொல்கின்றன.

இவற்றின் செயல்பாட்டை ஒரு கற்பனை மனிதரைக் கொண்டு அருகிலிருந்து பார்ப்பது நல்லது. மாம்பலத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு, மீதிக்கு வைப்புத்தொகை வட்டியை நம்பியிருக்கும் ஒருவருக்கு, டி.டி.எஸ். போக ரூ.80,000 வரி வருகிறது. அவர் ஒரு தவணையும் கட்டாமல், ஜூலையில் ரிட்டர்ன் எனப்படும் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம் என்று நிம்மதியாக இருக்கிறார். முதல் தவணையான 12,000 ரூபாய்க்கு மூன்று மாத வட்டி ரூ.360, செப்டம்பரில் இருந்திருக்க வேண்டிய 36,000க்கு ரூ.1,080, டிசம்பரின் 60,000க்கு ரூ.1,800, மார்ச்சின் 80,000க்கு ஒரு மாத வட்டி ரூ.800. தவணை தவறியதற்கான 234சி கணக்கு இத்துடன் ரூ.4,040இல் முடிகிறது. ஆண்டு முடிவதற்குள் 90 சதவீதம்கூடக் கட்டவில்லை என்பதற்கு 234பி தனியாக வந்து, ஏப்ரல் முதல் ஜூலை வரை நான்கு மாதத்துக்கு ரூ.3,200 கேட்கிறது. ஆக ரூ.7,240. மாதத்தின் ஒரு பகுதி முழு மாதமாகவே எண்ணப்படும் என்பதால் ஆகஸ்ட் 1ஆம் தேதி கட்டினாலும் ஆகஸ்ட் முழுவதற்கும் வட்டி உண்டு. ஆனால் துறை இரக்கமற்றது என்று சொல்லிவிட முடியாது. வட்டி கணக்கிடும் தொகையில் நூறு ரூபாய்க்குக் குறைந்த சில்லறையை விட்டுவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. முதல் இரண்டு தவணைகளில் 12 சதவீதமும் 36 சதவீதமும் கட்டியிருந்தாலே வட்டி இல்லை என்ற தளர்வும் உண்டு.

இந்த வட்டிக்கு அஞ்சி அளவுக்கு மீறிக் கட்டிவிடுகிறவர் மற்றொரு வகையினர். அதிகமாகக் கட்டிய தொகை திரும்பி வருவதே ரீஃபண்ட். அது வங்கிக் கணக்கில் ஏறும் நாளில் அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சி, சொந்தப் பணம் திரும்பி வந்தவருக்கு உரியதன்று, பரிசு விழுந்தவருக்கு உரியது. துறையும் அதற்கு வட்டி தருகிறது. ஆனால் குடிமகன் தாமதித்தால் மாதம் 1 சதவீதமாக இருப்பது, துறை தாமதிக்கும்போது அரை சதவீதமாகிவிடுகிறது. திரும்ப வரும் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்திற்குக் குறைவானால் அந்த அரையும் இல்லை. கிடைத்த வட்டியை அடுத்த கணக்கில் வருமானமாகக் காட்டி அதற்கும் வரி கட்ட வேண்டும். கொடுத்த வட்டியையோ எந்த வருமானத்திலிருந்தும் கழித்துக்கொள்ள முடியாது. வட்டிக்கடைகளில் நெடுங்காலம் பழகியவர்களும் இந்த ஏற்பாட்டின் முழுமையைக் கண்டு வியப்பர்.

மனிதக் கணிப்புக்கு எல்லை உண்டு என்பதைச் சட்டம் ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறது. பங்கு விற்ற லாபம், ஈவுத்தொகை போன்றவை எதிர்பாராமல் வருவதால், வந்த பின் எஞ்சியுள்ள தவணைகளில் அவற்றுக்கான வரியைக் கட்டினால் போதும், முந்தைய தவணைகளுக்கு வட்டி இல்லை. இதே சலுகை லாட்டரி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் ஆகியவற்றின் வெற்றிக்கும், குறுக்கெழுத்துப் போட்டியில் வென்ற பணத்துக்கும் நீட்டிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் லாட்டரி 2003 முதல் இல்லை என்பதால் இங்குள்ளவர்கள் குறுக்கெழுத்தையே நம்ப வேண்டியுள்ளது.

வரித் திட்டமிடல் என்பது சட்டம் அனுமதித்த வழிகளில் வரியைக் குறைத்துக்கொள்வது. இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன். தோட்டக்காரருக்குச் சம்பளமாகக் கொடுத்தால் வரியில் கழிக்க முடியாது என்பதால், அதே பணத்தை ஒப்பந்தப் பத்திரத்தின் வழியே ஆண்டுத்தொகையாகக் கொடுத்தார். 1935இல் பிரபுக்கள் சபை அவர் பக்கமே தீர்ப்பளித்தது. வெறும் வேடமான ஏற்பாடுகள் திட்டமிடல் ஆகா என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1985இல் மெக்டவல் வழக்கில் கண்டித்தது. தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தில் கோமகன்கள் குறைவாதலால், இங்கு வரித் திட்டமிடல் பெரும்பாலும் பிப்ரவரி மாதத்தில் நிகழும் ஒரு குடும்ப விழாவாகவே இருந்துவந்தது. சேமிப்புக்குக் கழிவு தரும் 80சி பிரிவின் ரூ.1.5 லட்சம் வரம்பில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அலுவலகம் சான்று கேட்கும் அந்த வாரத்தில்தான், பதினோரு மாதங்களாகத் தவிர்க்கப்பட்டு வந்த எல்.ஐ.சி. முகவரான ஒன்றுவிட்ட சித்தப்பாவைக் குடும்பமே தேடும். பன்னிரண்டு மாத வாடகை ரசீதுகள் ஒரே மாலையில், ஒரே பேனாவில், ரெவென்யூ ஸ்டாம்பின் மேல் ஒரே சாய்வில் கையெழுத்தாகும். வீட்டுக்காரர் அப்பாவாகவே இருந்தால் அவர் மகனிடம் வாங்காத வாடகைக்கு ரசீது தருவதா என்று சற்றுத் தயங்குவார். வாடகை உண்மையில் கைமாறியிருந்தால் அது திட்டமிடல். மாறாதிருந்தால் அதற்குச் சட்டத்தில் வேறு பெயர்கள் உண்டு. 2023-24 முதல் கழிவுகள் பெரும்பாலும் அற்ற புதிய முறையே இயல்பான முறையாகிவிட்டதாலும், 2025-26 முதல் அதில் ரூ.12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி இல்லாமல் போவதாலும், இந்த நாட்டார் கலை நலிந்து வருகிறது. 12 லட்சம் என்ற எண்ணை மட்டும் கேட்டுவிட்டு, பங்கு விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது என்ற பிற்பகுதியைக் கேளாமல் போனவர்களால் ஆடிட்டர்களின் தொழில் நலியாமல் இருக்கிறது.

கட்ட முடிவு செய்தவருக்கும் சலான் என்னும் கடைசிக் கண்டம் எஞ்சியிருக்கிறது. பழைய சட்டப்படி வருமானம் வந்த ஆண்டு வேறு, அது மதிப்பிடப்படும் ஆண்டு வேறு. 2024-25இல் சம்பாதித்ததற்கு மதிப்பீட்டு ஆண்டு 2025-26. இணையப் பக்கத்தில் மதிப்பீட்டு ஆண்டைக் கேட்கும்போது, நடப்பு ஆண்டைத்தான் கேட்கிறார்கள் என்று நம்பித் தேர்ந்தெடுத்தவரின் பணம், வரி பாக்கியே இல்லாத சென்ற ஆண்டுக் கணக்கில் போய் அமைதியாக அமர்ந்துகொள்ளும். இந்தக் குழப்பத்தை ஒழிக்கவே 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம், 2026 ஏப்ரல் 1 முதல், சம்பாதிக்கும் ஆண்டையே வரி ஆண்டு என்று ஒற்றைப் பெயரால் அழைக்கிறது. நோக்கம் பாராட்டுக்குரியது. ஆயினும் 2025-26இல் வந்த வருமானத்துக்குப் பழைய சட்டப்படி மதிப்பீட்டு ஆண்டு 2026-27. 2026-27இல் வரும் வருமானத்துக்குப் புதிய சட்டப்படி வரி ஆண்டும் 2026-27. ஆகவே 2026 ஜூனில் முன்கூட்டிய வரியை ஒரு 2026-27க்கும், ஜூலையில் ரிட்டர்னை மற்றொரு 2026-27க்கும் செலுத்தும் பேறு மக்களுக்கு வாய்க்கிறது.

இத்தனைக்கும் துறை எதையும் அறியாமல் இல்லை. வங்கி வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை, நிலப் பத்திரப் பதிவு என்று ஒருவரைப் பற்றி வெளியிலிருந்து வரும் விவரங்களையெல்லாம் தொகுத்து ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டு விவர அறிக்கையில் 2021 முதல் காட்டி வருகிறது. அதைப் பார்த்து, கட்டியிருக்கும் முன்கூட்டிய வரி போதாது என்று தோன்றுகிறவர்களுக்கு மார்ச் 15க்குச் சற்று முன்பாகக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்புவதுண்டு. ‘உங்கள் பரிவர்த்தனைகள் கவனிக்கப்பட்டன’ என்ற பொருளில் வரும் அந்தச் செய்தியைப் பெறுகிறவர், இணைய மோசடி பற்றித் தம் மகன் பலமுறை எச்சரித்திருப்பதை நினைவுகூர்ந்து, எதையும் தொடாமல், உடனடியாக அழித்துவிட்டு, தெருவில் நான்கு பேரிடம் அந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொள்கிறார். ஜூலையில் ஆடிட்டர் 234பி, 234சி இரண்டையும் கூட்டிச் சொல்லும்போதும், அந்த மோசடிக்காரர்களுக்குத் தம் வரி பாக்கி எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருக்கிறது.