உண்ணிப்பூவுக்கு ஏன் இந்தத் தண்டனை?

கேள்வி: கூடலூர் சாலையோரமெல்லாம் உண்ணிச்செடி மஞ்சளும் ரோஸுமாகப் பூத்துக் கிடக்கிறது. இவ்வளவு அழகான செடியை ஏன் அழிக்கச் சொல்கிறார்கள்?

பதில்: அந்த அழகை நம்பித்தான் 1800களின் தொடக்கத்தில் தோட்டத்துக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். தென் அமெரிக்கப் பக்கத்துச் செடி, வேலி தாண்டிவிட்டது! பூங்கொத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் மஞ்சள், ஓரத்தில் ரோஸ். விரியும்போது மஞ்சள், மகரந்தச் சேர்க்கை முடிந்ததும் ரோஸ். பட்டாம்பூச்சிக்கு 'இங்கே தேன் தீர்ந்தது, பக்கத்தில் பார்' என்று போர்டு மாட்டுகிற பூ அது. கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவி தின்று, விதையைக் காடெல்லாம் போடுகிறது.

முதுமலையில் இந்தப் புதர் அடர்ந்த இடத்தில் புல் தலைதூக்காது. மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் மேய்ச்சல் போச்சு. இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடும். மேலோடு வெட்டினால் மறுபடி தழைக்கும்; வேரோடு பிடுங்கி, அங்கே நாட்டுப் புல்லை வளர்க்க வேண்டும்.

பிடுங்கிய தண்டும் வீணில்லை. நீலகிரிப் பழங்குடிக் கைவினைஞர்கள் அதிலேயே நிஜ உயரத்துக்கு யானைகள் செய்கிறார்கள். யானையின் தீனியைப் பறித்த செடி, 2021இல் யானையாகவே லண்டன் பூங்காக்களில் போய் நின்றது!